போரில் தடை, வேட்டையில் கட்டாயம்: மானுக்கு ஏற்ற ரவை எது?

நோர்வேயில் செப்டெம்பர் முதலாம் திகதி சிவப்பு மான் வேட்டைக் காலம் தொடங்கும். டிசெம்பர் 23 வரை போகும். அண்மைய ஆண்டுகளில் ஒரு பருவத்தில் 40,000க்கும் மேற்பட்ட சிவப்பு மான்கள் இந்த நாட்டில் சட்டப்படி சுடப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி நான் வாழும் மேற்குக் கரையோரத்தில். மான் பெருகினால் புல்வெளிகளையும் இளம் மரங்களையும் மேய்ந்து தீர்க்கும், இருட்டில் வீதியைக் கடந்து வாகனங்களில் மோதும். ஆகவே எந்த இடத்தில் எத்தனை சுடலாம், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, கன்று எத்தனை என்று உள்ளூராட்சி சபை எண்ணிக் கொடுக்கிறது. இங்கே வேட்டை களவுத் தொழிலும் இல்லை, பணக்காரரின் பொழுதுபோக்கும் இல்லை. என்னோடு தொழிற்சாலையில் நிற்பவரும் பிள்ளையின் பாடசாலை ஆசிரியையும் பஸ் ஓட்டுநரும் ஒக்டோபரில் காட்டுக்குப் போய் வருடம் முழுவதற்குமான இறைச்சியைக் குளிர்ப்பெட்டியில் நிரப்புகிறார்கள்.

இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் சிலரும் இப்போது வேட்டைக்காரர் தேர்வு எழுதுகிறார்கள். நான் பல வருடமாக வேட்டைக்குப் போவது தெரிந்து தொலைபேசி எடுப்பார்கள். கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, எந்த ரவை வாங்கிறது?" பின்னால் தாயின் குரலும் கேட்கும்: "துவக்கா? எங்கட வீட்டுக்குள்ளயோ?" இரண்டும் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு இங்கே பதில் எழுதுகிறேன். அப்படியே எழுதிக்கொண்டு போனால் இரண்டாவதும் குறுக்கே வரத்தான் செய்யும்.

ஒரு சொல் விளக்கம். இந்தக் கட்டுரையில் ரவை என்றால் கோது, மருந்து, சன்னம் எல்லாம் சேர்ந்த முழுமை. சன்னம் என்றால் குழலை விட்டு வெளியே போகும் உலோகம் மட்டும். பேச்சில் நாம் இரண்டையும் கலந்து சொல்வோம். கடையில் கலந்தால் பிழையான பெட்டி கைக்கு வரும்.

வன்னியில் வளர்ந்தவர்களுக்குப் பெயர்களில் பாதி புதிதல்ல. முற்றத்திலும் வயல் வரம்பிலும் பொறுக்கிய வெற்றுக் கோதுகளை நாங்கள் வடிவத்தைப் பார்த்தே இனம் பிரித்தோம். கட்டையானது ரி-56, ஏகே ரகம். நீளமானது எஸ்.எல்.ஆர். அடியில் விளிம்பு புடைத்தது பீகே. ஒல்லியானது எம்-16. ரி-56இன் ரவையை 7.62×39 என்று எழுதுவார்கள். முதல் எண் குழல் விட்டத்தின் அளவு, இரண்டாவது கோதின் நீளம், இரண்டுமே மில்லிமீற்றரில். எஸ்.எல்.ஆரின் ரவை 7.62×51. சன்னத்தின் பருமன் ஏறக்குறைய ஒன்றுதான். கோது 12 மில்லிமீற்றர் நீண்டதால் உள்ளே மருந்து கூடியது, வேகமும் கூடியது.

இப்போது நோர்வேக் கடையின் தட்டுக்கு வருவோம். மான் படம் போட்ட பெட்டியில் .308 வின்செஸ்ரர் என்று இருந்தால், அது எஸ்.எல்.ஆர் ரவையின் கூடப்பிறந்தது. 1952இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதே அளவை நேட்டோ 1954இல் 7.62×51 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் உள்ள .30-06, அமெரிக்க இராணுவம் 1906இல் எடுத்த ரவை, அந்த 06 என்பது ஆண்டு. 6.5×55 என்பது 1890களில், நோர்வேயும் சுவீடனும் ஒரே அரசரின் கீழ் இருந்த காலத்தில், இரு நாட்டு இராணுவங்களுக்கும் பொதுவாக உருவாக்கப்பட்டது. .223 என்பது எம்-16 ரவையின் இரட்டை. மான் வேட்டைக்கு என்று விற்கும் ரவைகளில் பெரும்பாலானவை படைமுகாமில் பிறந்தவை. இதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. பெட்டியைக் கண்டதும் சிலருக்கு மனம் ஒரு கணம் வேறு இடத்துக்குப் போய் வரும். எனக்கு முதல் தடவை போனது.

சட்டம் கேட்பது என்ன? நோர்வே வேட்டைக்காரர்கள் பல ஆண்டுகளாக மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு இது. சிவப்பு மானுக்கும் மூஸுக்கும் சன்னம் குறைந்தது 9 கிராம் இருக்கவேண்டும். 9க்கும் 10க்கும் இடைப்பட்ட சன்னமானால், 100 மீற்றர் தூரத்தில் அதனிடம் 2700 ஜூல் ஆற்றல் மிஞ்சியிருக்கவேண்டும். 10 கிராமுக்கு மேற்பட்டதானால் 2200 ஜூல் போதும். சன்னம் விரியும் வகையாக இருக்கவேண்டும். 20, 30 கிலோ எடையுள்ள சின்ன மானான ரோ மானுக்கு 100 மீற்றரில் 980 ஜூல் போதும், .223 அதைத் தாண்டிவிடும்.

பெட்டியில் நிறையைக் கிரெயின் அலகில் போட்டிருப்பார்கள், சட்டம் கிராமில் பேசும். ஒரு கிராம் 15.43 கிரெயின். 6.5×55 வாங்கப் போகும் பிள்ளை இதைக் கவனிக்கவேண்டும். 140 கிரெயின் என்று எழுதியிருந்தால் 9.1 கிராம். அது 2700 ஜூலைக் காட்ட 100 மீற்றரில் விநாடிக்கு 770 மீற்றர் வேகத்தில் போகவேண்டும், 6.5×55க்கு அது கஷ்டம். 156 கிரெயின் என்றால் 10.1 கிராம். அதற்கு 2200 ஜூல் போதும் என்பதால் 660 மீற்றர் வேகம் இருந்தால் சரி, அதை இந்த ரவை இலகுவாகத் தரும். ஒரு கிராம் வித்தியாசத்தில் ஒரு பெட்டி சட்டத்துக்கு உள்ளே, மற்றது வெளியே. வாங்க முன்னர் அந்த ஆண்டின் விதியையும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள 100 மீற்றர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கை முதலில் படித்தபோது நான் போட்டுப் பார்த்தது வேறொரு கணக்கு. ரி-56இன் சன்னம் சுமார் 8 கிராம், குழல்வாயிலேயே ஏறக்குறைய 2000 ஜூல். நிறையிலும் தோற்கிறது, ஆற்றலிலும் தோற்கிறது. எங்கள் ஊர்களில் அத்தனை பேரை விழுத்திய ரவை, நோர்வேச் சட்டத்தின் பார்வையில் ஒரு மானுக்குப் போதாது.

ஏன் என்று கேட்டால், மானைக் காயப்படுத்த அது போதாது என்பதல்ல காரணம். விரைவாகச் சாகவைக்கப் போதாது என்பதுதான். இங்கேதான் சன்னத்தின் கதை வருகிறது. என் கணக்கில், எந்த ரவை என்பதை விட எந்தச் சன்னம் என்பதே பெரிய கேள்வி.

இராணுவச் சன்னத்தின் ஈய உடலை முனைவரை செம்பு உறையோ உருக்கு உறையோ மூடியிருக்கும். வேட்டைச் சன்னத்தின் முனை திறந்திருக்கும், அல்லது ஈயம் வெளியே தெரியும். உடலைத் தொட்டதும் அது காளான் போல விரிந்து, பருமன் ஏறக்குறைய இரு மடங்காகும். நுரையீரலையும் இதயத்தைச் சுற்றிய பெரிய குழாய்களையும் அகலமாகக் கிழிக்கும். இரத்த அழுத்தம் விழ, மூளைக்கு இரத்தம் போகாமல் மான் சில விநாடிகளில் நினைவிழக்கும். நுரையீரலில் நன்றாகப் பட்ட மானும் 50 மீற்றரோ 100 மீற்றரோ ஓடித்தான் விழும். அந்த ஓட்டத்தைக் கண்டு புதிதாக வருபவர்கள் தவறிவிட்டது என்று நினைப்பார்கள். முழு உறைச் சன்னமோ பல வேளைகளில் பென்சில் துவாரம் போல் ஊடுருவி மறுபக்கத்தால் போய்விடும். அந்த மான் மலை ஏறும், அடுத்த பள்ளத்தாக்கில் பற்றைக்குள் படுக்கும், ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துச் சாகும். அதற்கு ஆஸ்பத்திரி இல்லை. ஆகவேதான் விரியாத சன்னத்தால் மானைச் சுடுவது இங்கே குற்றம்.

மனிதருக்கு விதி நேர் எதிர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்காகக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற இடத்து ஆயுதத் தொழிற்சாலையில், .303 ரவையின் முனை உறையைத் திறந்துவிட்ட சன்னங்கள் செய்யப்பட்டன. .303 துவக்கு எங்கள் பெற்றோருக்குப் பழக்கமானதுதான், பொலிஸ் நிலைய வாசலில் நின்ற காவலரின் தோளில் தொங்கியது அது. டம்டம் இன்று கொல்கத்தாவின் விமான நிலையம் இருக்கும் புறநகர். அந்தச் சன்னங்களைக் குறித்து எழுந்த வாதத்தின் பின், 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், மனித உடலுக்குள் இலகுவாக விரியும் அல்லது தட்டையாகும் சன்னங்களைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன. பிரித்தானியா முதலில் மறுத்து, 1907இல்தான் சேர்ந்துகொண்டது. பின்னர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டத்திலும் இது போர்க்குற்றமாக எழுதப்பட்டது. முதலில் நாடுகளுக்கிடையிலான போருக்கு மட்டும். 2010இல் கம்பாலாவில் செய்த திருத்தம் உள்நாட்டுப் போரையும் சேர்த்தது. இலங்கை அந்தச் சட்டத்தில் இன்றுவரை ஒப்பமிட்டுச் சேரவில்லை.

போரின் நோக்கம் எதிராளியைச் சண்டையிலிருந்து அகற்றுவது, அதற்கு மேல் துன்பம் வேண்டாம் என்பது ஹேக்கின் தர்க்கம். வேட்டையின் நோக்கம் சாவு, அது நீளக்கூடாது என்பது காட்டின் தர்க்கம். காகிதத்தில் இரண்டும் சரிதான். ஆனால் முழு உறைச் சன்னம் சாதுவானது என்று யாரும் இதிலிருந்து விளங்கிக்கொள்ளக்கூடாது. அது எலும்பில் பட்டால் திரும்பும், உடலுக்குள் குத்துக்கரணம் அடிக்கும், சில வகைகள் உடைந்து சிதறும். எங்கள் வைத்தியசாலைகளில் நின்றவர்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. வேட்டைத் தோழர்கள் யாராவது அதை மனிதாபிமானச் சன்னம் என்று பேசத் தொடங்கினால் நான் எழுந்துபோய்த் தேநீர் ஊற்றுவேன்.

விரியும் சன்னத்திலும் தவறுகள் உண்டு. மிக மென்மையானது தோள் எலும்பில் பட்டதும் சிதறி, நுரையீரலுக்குப் போகாமல் நின்றுவிடும். 1940களின் நடுப்பகுதியில் அமெரிக்கரான ஜோன் நொஸ்லர் கனடாவில் மூஸ் வேட்டையில் இதைக் கண்டுதான், நடுவில் செம்புச் சுவர் வைத்த சன்னத்தைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி சிதறாமல் உள்ளே போகும். 1948இல் விற்பனைக்கு வந்த அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. இப்போது ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த வகைகளும் நிறைய உண்டு. சுவீடனின் நோர்மா ஒரிக்ஸ் அப்படிப்பட்டது. சிவப்பு மானுக்கு இந்த ஒட்டிய வகையை நான் நம்புகிறேன். மலிவான மென்முனைச் சன்னம் ரோ மானுக்குப் போதும்.

சரி, இனி என் பதில். சிவப்பு மானுக்கு மட்டும் என்றால் 6.5×55, 10.1 கிராம் ஒட்டிய சன்னம். குழல்வாயில் சுமார் 3000 ஜூல். மூஸுக்கும் போகப்போகிறீர்கள், எந்தச் சிறிய ஊர்க் கடையிலும் ரவை கிடைக்கவேண்டும் என்றால் .308, அது சுமார் 3600 ஜூல். .30-06 இன்னும் கொஞ்சம் மேலே, நல்ல ரவைதான், ஆனால் மேற்குக் கரையின் காட்டுக்கு அந்த மேலதிகம் தேவையென்று எனக்குப் படவில்லை. நான் சுட்ட மான்கள் எல்லாம் 120 மீற்றருக்குள் நின்றவை. .300 வின்செஸ்ரர் மக்னம் வாங்கவேண்டும் என்று வரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது ஒன்றே: எத்தனை தடவை சுட்டுப் பழகப் போகிறாய்? அதன் உதை 6.5×55இன் உதையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. பத்துச் சூட்டுக்குப் பிறகு தோள் நோகும், பதினோராவதில் விசையை இழுக்கும்போதே கண் மூடும். கண் மூடினால் சன்னம் வயிற்றில் போகும். வயிற்றில் பட்ட மானை எந்த மக்னமும் காப்பாற்றாது, விரைவாகக் கொல்லவும் மாட்டாது.

உதை விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று உண்டு. எங்களில் பலருடைய உடம்பில் இன்னும் இரும்பு இருக்கிறது. எனக்கு வலது தோளுக்குக் கீழே, சிறுவயதில் பட்ட செல் துண்டு ஒன்று. எடுத்தால் நரம்பு போகும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். துவக்கின் பிடி வந்து குந்தும் இடமும் அதற்குப் பக்கத்தில்தான். முதல் துவக்கு வாங்க முன்னர் வைத்தியரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிக் கேட்டேன். பாரமான துவக்கு, மெல்லிய உதை, தடித்த றப்பர் அடிப்பிடி என்றார். அதனால்தான் எனக்கு 6.5×55, அந்த ரவையின் வரலாறோ புகழோ காரணமில்லை. உங்கள் உடம்பில் துண்டு இருந்தால் கடைக்காரரிடம் போக முன்னர் வைத்தியரிடம் போங்கள்.

சத்தமும் அப்படித்தான். மூடாத குழலின் வெடிச்சத்தம் 160 டெசிபெல் அளவில் இருக்கும், ஒரே சூடு காதைக் கெடுக்கப் போதும். நோர்வேயில் ஒலியடக்கி சட்டபூர்வமானது, பெரும்பாலானோர் பூட்டுகிறார்கள். படங்களில் காட்டுவதுபோல் சத்தம் இல்லாமல் போகாது. ஒலியை விட வேகமாகப் போகும் சன்னத்தின் வெடிப்பு ஒலி காற்றில் இருக்கும். ஆனால் நெஞ்சில் இடிக்கும் அந்த அடி குறையும், உதையும் குறையும். காதுக் கவசத்தையும் போடுங்கள். என் மனைவி மாத்தளனிலிருந்து வந்தவர். நான் பயிற்சிக்குப் போகும் நாளையும் நேரத்தையும் முதல்நாளே சொல்லிவிடுவேன். சூட்டுத் திடல் எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும்.

நோர்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்கு ஒவ்வொரு வருடமும் சூட்டுத் தேர்வு எழுதவேண்டும். 100 மீற்றரில் விலங்கின் உருவம், அதில் 30 சென்ரிமீற்றர் வட்டம், ஐந்து சூடு, ஐந்தும் உள்ளே. ஒன்று வெளியே போனாலும் திரும்பச் சுடவேண்டும். அது ஏறக்குறைய சிவப்பு மானின் நுரையீரலின் அகலம். காயப்பட்ட மானைத் தேடும் பயிற்சி பெற்ற நாயை ஒழுங்குசெய்து வைத்திருப்பதும், தேடுவதும் சட்டக் கடமை. இரவு மழையில் விளக்கோடு அந்த நாயின் பின்னால் ஒரு தடவை நடந்தவன், பெரிய ரவையைப் பற்றிப் பெருமை பேசமாட்டான்.

மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி பெரிய மான்களுக்குக் குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குழல்வாயில் சுமார் 2300 ஜூல் வேண்டும். .223 அங்கே மிகச்சிறிய இரண்டு வகை மான்களுக்கு மட்டும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு.

தாய்மார் அடிக்கடி கேட்கும் இன்னொன்று, அந்த இறைச்சியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பது. நல்ல கேள்வி. ஈயச் சன்னம் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் காயத்தைச் சுற்றி விசிறிவிடும். ஈயம் சிறு பிள்ளைகளினதும் வயிற்றில் உள்ள சிசுவினதும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காயத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் நான் வெட்டி எறிவேன், இரத்தம் கட்டிய இறைச்சி கறிச்சட்டிக்கு வராது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாகத் தடைசெய்தது, மான் குடலில் இருந்த ஈயத்தைத் தின்று கொண்டோர் கழுகுகள் செத்தது ஒரு முக்கிய காரணம். டென்மார்க் 2024 ஏப்ரல் முதல் றைபிள் ரவையிலும் தடை போட்டது. மாற்று, முழுச் செம்புச் சன்னம். அது சிதறாது. ஆனால் செம்பு ஈயத்தை விடப் பாரம் குறைந்தது, அதே நிறைக்குச் சன்னம் நீளும், விரிவதற்குக் கூடிய வேகமும் வேண்டும். வீட்டில் சிறு பிள்ளைகள் உள்ள ஒருவர் .308இல் செம்பை எடுத்தால் நான் மறுக்கமாட்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அங்கே புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. எந்த ரவையும் அவற்றுக்கு ஏற்றதல்ல. களவு வேட்டைக்குப் பாவிக்கும் இடியனும் கட்டுத்துவக்கும் நான் மேலே சொன்ன எதையும் பார்ப்பதில்லை. நிறை தெரியாது, வேகம் தெரியாது, நுரையீரல் எங்கே என்று கம்பிக்குத் தெரியாது. விறகுக்கும் தேனுக்கும் போன ஆட்களின் காலை எடுத்திருக்கிறது. கண்ணிவெடி எடுத்து முடித்த காட்டில், பன்றிக்கு என்று கட்டிய துவக்கில் ஒருவர் கால் இழப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

கடைசியாக, வாங்கும் நாளுக்கு. வேட்டை ரவை விலை கூடியது, பயிற்சிக்கு மலிவான முழு உறை ரவை வாங்குவார்கள். தவறில்லை. ஆனால் தேர்வு செய்த வேட்டை ரவையால்தான் தொலைநோக்கியைச் சரிசெய்யவேண்டும், இரண்டும் 100 மீற்றரில் ஒரே இடத்தில் படாது. ஒரே தொகுதி இலக்கம் உள்ள மூன்று பெட்டிகளைச் சேர்த்து வாங்குங்கள், ஒன்று சரிசெய்ய, இரண்டு காட்டுக்கு. பயிற்சிப் பெட்டியும் வேட்டைப் பெட்டியும் சில நிறுவனங்களில் ஒரே நிறத்தில் வரும். இரண்டையும் ஒரே பைக்குள் வைக்கவேண்டாம். நான் பயிற்சிப் பெட்டியில் கறுப்பு ரேப் சுற்றி, அதைச் சூட்டுத் திடலுக்குக் கொண்டுபோகும் பையை விட்டு வெளியே எடுப்பதில்லை.